குழந்தையின் பல் பயத்துக்கு நிஜமாகவே வைத்தியம் பார்க்கும் கிளினிக்

குழந்தைகளுக்கென்றே மூன்று வருடம் எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு படித்த பல் டாக்டரிடம் போவதில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருச்சி தில்லைநகரில் இருக்கிற இந்த கிளினிக்கில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன்.

என் மகளுக்கு ஆறு வயது. கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் ஆழமான சொத்தை. ஏற்கெனவே வேறொரு இடத்தில் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து வாயைத் திறக்க வைத்திருந்தார்கள். அதிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கக்கூட வாயைத் திறக்க மாட்டாள்.

இங்கே முதல் நாள் பல்லில் கையே வைக்கவில்லை. நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினார் டாக்டர். காற்றடிக்கும் குழாயை அவள் உள்ளங்கையில் வைத்து அடித்தார். சுற்றுகிற பிரஷ்ஷைக் கட்டைவிரல் நகத்தில் ஓடவிட்டு, "கூசுதா பாப்பா?" என்றார். முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அப்புறம்தான் செய்வது. ஆடெல்ஸ்டன் என்கிற பல் மருத்துவர் 1959-ல் எழுதிவைத்த முறை இது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒரு குழந்தையின் நகத்துக்கு அவ்வளவு நேரம் கொடுக்கத் தனி மனசு வேண்டும்.

அடுத்த முறை சிகிச்சை. ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் ஓர் ஒப்பந்தம் போட்டார்: "இடது கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன்." மெஷின் ஓட ஆரம்பித்ததும், வலியே இல்லாமல், சும்மா சோதித்துப் பார்க்கத்தான் கையைத் தூக்கினாள். சத்தம் உடனே நின்றது. டாக்டர் கோபப்படாமல் காத்திருந்தார். அவள் கையை மெதுவாக இறக்கிவிட்டு, தானே வாயைத் திறந்தாள். அப்புறம் கடைசிவரை கை மேலே போகவே இல்லை.

மரத்துப்போகிற ஊசி போட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஈறில் ஸ்ட்ராபெர்ரி வாசனை ஜெல்லைத் தடவி, அது மரக்கும்வரை காத்திருந்தார்கள். உதவியாளர் சிரிஞ்சை முகத்துக்கு நேரே நீட்டாமல், தாடைக்குக் கீழாகக் கொடுத்தார். "வலிக்கவே வலிக்காது" என்று டாக்டர் பொய் சொல்லவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். சொன்னபடியே முடிந்தது. இந்த நேர்மைதான் எனக்கு இங்கே மிகவும் பிடித்தது.

நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் பேசக் கூடாது. "ஒரே குரல்தான் அவளுக்குக் கேக்கணும் அம்மா" என்று சொல்லிவிட்டார்கள். சரிதான். நானும் சேர்ந்து சமாதானம் சொன்னால் குழந்தை யாரைத்தான் கவனிக்கும்?

விழப்போகிற பல்லுக்கு வேர் சிகிச்சையும் ஸ்டீல் கேப்பும் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயது ஆகும், அதுவரை அடியில் வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது இதுதான் என்று டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டியே விளக்கினார். ரொம்பப் பயப்படும் குழந்தைகளை அமைதிப்படுத்தக் கொடுக்கும் சிரிப்பு வாயு வசதியும் வைத்திருக்கிறார்கள். இவளுக்கு அது தேவையில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே ஒரு குழந்தை அழுதால் வெளியே காத்திருக்கும் குழந்தைகளுக்கு அப்படியே கேட்கிறது. அந்தக் கதவை மாற்றினால் பெரிய உபகாரம். கட்டணமும் கொஞ்சம் கூடத்தான், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும்.

போகிறவர்கள் முடிந்தால் காலை நேரம் கேட்டு வாங்குங்கள். பள்ளி முடிந்து சோர்ந்துபோய் வரும் பிள்ளையால் வெகுநேரம் வாயைத் திறந்து வைத்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டின் மேல் ஒரு கண் வையுங்கள். மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் தெரியாமலே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.