180 அட்டை, ஒரு தகரப் பெட்டி: ஒரு நர்ஸின் மதிப்புரை

மயக்கம் தெளிவதை ஆங்கிலத்தில் ‘கம் ரவுண்ட்’ என்பார்கள். ஆங்கிலத் தொடர்களைப் படிக்க நான் காசு கொடுத்து வாங்கிய அட்டைப் பெட்டியில் அதற்குப் பொருள் ‘சுற்றி வருதல்’ என்று அச்சிட்டிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ரெக்கவரி அறையில் படுத்திருப்பவர் எதைச் சுற்றி வருவார்? கோயில் பிரகாரத்தையா?

இதைப் படித்ததும் பெட்டியை வாங்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் தூக்கிப்போடவில்லை.

2022 ஆகஸ்டில், நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தபோது இணையத்தில் வாங்கினேன். விலை 899 ரூபாய். வானநீல நிறத்தில், பிஸ்கட் டின் அளவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே 15 ஆங்கில வினைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 12 அட்டை. முன்பக்கம் கம் ஆஃப், கம் அப் என்று தொடர். அதன் கீழே ஒரு வாக்கியம். பின்பக்கம் தமிழ்ப் பொருள், ஒரு கோட்டுப் படம், ஒலியைக் கேட்க ஒரு க்யூஆர் கட்டம். இதே மாதிரிப் பெட்டியை மூன்று நான்கு பேர் வெவ்வேறு பெயரில் விற்கிறார்கள் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவுசெய்ய ஓஇடியில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுத்தில் 300 வாங்க வேண்டும். மற்றவற்றைப் புத்தகம் பார்த்துத் தேற்றிவிடலாம். கேட்டல்தான் ஆளை விழுங்கும். முதல் பகுதியில் நோயாளிகள் இருவர் தங்கள் கதையைச் சொல்வார்கள். 24 இடங்களை நிரப்ப வேண்டும். ஒலி ஒரே ஒரு முறைதான் ஓடும். அந்த நோயாளிகள் மருத்துவப் பாடநூல் மாதிரிப் பேச மாட்டார்கள். ‘வாமிட்’ என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருப்போம். அவர்கள் ‘சாப்பிட்டதெல்லாம் பிராட் அப்’ என்பார்கள். நாம் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து முழிப்போம்.

முதலில் பொருளின் தரம். அட்டை நல்ல கனம், முனைகள் உருட்டி வெட்டியவை, மூன்று ஆண்டில் ஒன்றுகூடக் கிழியவில்லை. மஞ்சள் மை மட்டும் சானிடைசர் பட்டால் விரலில் ஒட்டுகிறது; நர்ஸ் கைக்கு இது பெரிய குறை. ஒலிப்பதிவில் பேசுபவர் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். இப்போது நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. வாயில் பல் செட் இல்லாத பாட்டி, ‘லவ்’ என்று என்னைக் கூப்பிட்டு, பாதிச் சொல்லை விழுங்கி, மீதியைத் தலையணைக்குள் சொல்வாள்.

இனி தமிழ்ப் பக்கம். ‘கம்’ கட்டின் 12 அட்டைகளில் நான்கு தவறு. ‘கம் டவுன் வித்’ என்றால் சளி, காய்ச்சல் போன்ற நோயில் விழுவது. அட்டையில் ‘உடன் இறங்கி வருதல்’. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய தமிழ் அல்ல இது. இயந்திரத்தில் போட்டு எடுத்து, ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘கம் ரவுண்ட்’ விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் வீட்டுக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போவதற்கும் அதே தொடர்தான். ‘சாயங்காலம் என் மகள் கமிங் ரவுண்ட்’ என்று பக்கத்துக் கட்டில் பாட்டி சொன்னால் மகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, பழத்தோடு பார்க்க வருகிறாள் என்று அர்த்தம்.

இந்தப் பெட்டியால் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே வந்த இரண்டாவது வாரம். எழுபது தாண்டிய ஒரு தாத்தா, மணிக்கட்டு முறிந்து வந்திருந்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ‘ஐ கேம் ஆஃப் மை வாட்டர் டேப்லெட்ஸ்’ என்றார். என் அட்டையில் ‘கம் ஆஃப்: கழன்று விழுதல்’, படத்தில் ஒரு சட்டைப் பொத்தான். சரி, மாத்திரை எங்கோ விழுந்துவிட்டது என்று குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். போர்வையை உதறினேன். தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘எதைத் தேடுகிறாய், லவ்?’ என்றார். சிறுநீர் அதிகம் போவதற்கான மாத்திரையைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன் என்பதுதான் அவர் சொன்னது. அடுத்த கேள்விக்கு, கை எப்படி முறிந்தது என்றதற்கு, ‘கேம் ஆஃப் மை பைக்’ என்றார். அங்கே அதே தொடர், சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு. மறுநாள் கட்டு மாற்றும்போது ஒட்டுப் பிளாஸ்திரி பிய்ந்து வந்ததும் ‘கேம் ஆஃப்’தான். ஒரே ஆள், ஒரே கட்டில், இரண்டு நாளில் மூன்று பொருள். மூன்றிலும் வினைச்சொல் துளியும் மாறவில்லை. பின்னால் வந்த மாத்திரையும் சைக்கிளும்தான் பொருளைத் தீர்மானித்தன.

அட்டையில் வாக்கியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒன்றே ஒன்று. ‘சட்டைப் பொத்தான் கழன்று விழுந்தது.’ நர்ஸுக்கு எதற்குச் சட்டைப் பொத்தான்?

பெட்டியிலேயே நான் மிகவும் மதிப்பது அட்டைகளை அல்ல, அவற்றோடு மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை. யார் எழுதினார்களோ, கெட்டிக்காரர். வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிப் பொருள் மாறுவதுதான் அயல்நாட்டாருக்கு மிகக் கடினமான பகுதி என்று 1755-இல் சாமுவேல் ஜான்சன் தாம் தொகுத்த ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார் என்று அதில் இருந்தது. பிற்பாடு அந்த முன்னுரையைத் தேடிப் படித்தேன். அவர் வரிசையாகத் தரும் உதாரணங்களில் முதலாவது எது தெரியுமா? ‘கம் ஆஃப்’. அவர் சொல்லும் பொருளோ தந்திரம் செய்து தப்பிப்பது. சைக்கிள் தாத்தாவின் வாயில் அந்தப் பொருள் இல்லவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தேடியவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

‘கம்’ கட்டை நான் வெறுக்காமல் போனதற்குக் காரணம் வேறு. 12 அட்டைகளையும் ஒரு இரவு மேசையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மொழியில் நோய்தான் வரும். காய்ச்சல் வந்தது, வாந்தி வந்தது, மயக்கம் வந்தது, தடிப்பு வந்தது. நாம் இருந்த இடத்தில் இருப்போம். அது வரும், போகும். ஆங்கிலத்தில் பாதி நேரம் நோயாளியே வருகிறார். சளி பிடித்தால் அவர் ‘கம் டவுன்’. உடம்பில் தடிப்பு எழும்பினால் அவர் ‘கம் அவுட்’. தலை கிறுகிறுத்தால் அவர் ‘கம் ஓவர்’. நினைவு திரும்பினால் ‘கம் ரவுண்ட்’ அல்லது ‘கம் டு’. அறுவை சிகிச்சையைத் தாண்டிப் பிழைத்தால் ‘கம் த்ரூ’. பாவம், படுத்த படுக்கையாக இருக்கும் மனிதருக்கு இவ்வளவு நடை. இது பிடிபட்ட பிறகு யார் வருகிறார், எது வருகிறது என்று மட்டும் காதை வைத்தேன். பாதிக் குழப்பம் தீர்ந்தது. வலி மட்டும் இரண்டு மொழியிலும் வந்து வந்து போகிறது. அந்த ஒன்றைப் படிக்கவே தேவைப்படவில்லை.

பெட்டியில் இல்லாத ஒன்றும் உண்டு. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், ‘ஐ திங்க் ஐவ் கம் ஆன்’ என்றாள். அட்டையில் ‘கம் ஆன்: சீக்கிரம் வா’. யாரை அவசரப்படுத்துகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அருகில் இருந்த மலையாளி சேச்சி ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்து நாப்கினை எடுத்து நீட்டினார். மாதவிடாய் தொடங்கிவிட்டது என்பதை இங்கே இப்படியும் சொல்வார்களாம். கூச்சமான விஷயங்களைச் சொல்லத்தான் மனிதர்கள் இந்தக் குட்டித் தொடர்களைத் தேடிப் போகிறார்கள். பெட்டி செய்தவர்களோ அவற்றைத்தான் பார்த்துப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள்.

மற்ற கட்டுகளைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ‘பிரிங்’ நன்று, மொழிபெயர்ப்பும் சுத்தம். ‘பாஸ்’ என்ற வினைச்சொல்லே பெட்டியில் கிடையாது. மயங்கி விழுவதற்கு ‘பாஸ் அவுட்’, இறப்பதற்கு ‘பாஸ் அவே’. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட நர்ஸின் நிலையைச் சொல்ல வேண்டாம். ‘ரன்’னுக்கும் 12 அட்டைதான், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் அந்த ஒரு வினைச்சொல்லுக்கே 645 பொருள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘செட்’ கட்டை நான் பிரிக்கவே இல்லை.

அடுக்கியிருக்கும் முறைதான் எனக்கு அடியோடு ஒத்துவரவில்லை. எந்த நோயாளியும் வினைச்சொல் வாரியாகப் பேசுவதில்லை. எனவே அட்டைகளைக் கலைத்து, தலை, நெஞ்சு, வயிறு, தோல், மருந்து, வீட்டுக்கு அனுப்புதல் என்று ஆறு கட்டாக மாற்றி அடுக்கினேன். இதைக் கேட்ட சேச்சி, ‘பாயசத்தில் இருக்கிற முந்திரியை எல்லாம் தனியாக எடுத்து வைக்கிறாயா?’ என்று சிரித்தார். வினைச்சொல் வாரியாகப் பரப்பிப் பார்த்ததால்தானே யார் வருகிறார் என்பது உனக்குப் பிடிபட்டது என்றும் கேட்டார். பதில் இல்லை. ‘கம்’ கட்டை மட்டும் பழையபடியே திரும்ப அடுக்கி வைத்தேன்.

தவறுகளைப் பட்டியல் போட்டு விற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று இரண்டு வரி வந்தது. சென்ற மாதம் சித்தி மகள் அதே பெட்டியைப் புதிதாக வாங்கிப் படம் அனுப்பினாள். பெட்டி பச்சையாக மாறியிருக்கிறது, விலை 1,150. நோயாளி இன்னும் சுற்றித்தான் வருகிறார்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். இரண்டரை அட்டைக்கும் ஒலிக்கும், அரை அந்தத் துண்டுத்தாளுக்கு. ஆங்கில ஊருக்கு வேலைக்கு வருபவர்கள் வாங்கலாம். ஆனால் தமிழ்ப் பக்கத்தை நம்பாமல், நல்ல ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலோடு உட்காருங்கள். வார்டில் கேட்டதை எல்லாம் வெற்று அட்டையில் எழுதிச் சேர்த்ததில் என் பெட்டியில் இப்போது 241 இருக்கின்றன. மூடி மூடுவதில்லை, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.