போட்டோரெக்: கோப்பு வந்தது, பெயர் வரவில்லை

அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் போட்டோரெக்கைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். திடீரென்று நின்றுபோன ஹார்டு டிஸ்க், கைதவறி ஃபார்மட் ஆன மெமரி கார்டு, வைரஸ் புகுந்த பென் டிரைவ் என்று தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுப்பதையெல்லாம் இதில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஏதாவது கிடைக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வேலை முடிகிற இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. கோப்பைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை.

லேப்டாப்பில் வைரஸ் வந்து எல்லாம் போய்விட்ட ஒரு நண்பர், "இதை நம்பி இறங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

எப்படி நிறுவுவது, எங்கே பதிவிறக்குவது என்பதெல்லாம் தெரிந்ததே. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். கோப்புகளைப் பெயரோடு மீட்கப் பார்க்கிற டெஸ்ட்டிஸ்க்கும் அதே பொதியில் வருகிறது. 7.1 பதிப்பு வந்தது 2019இல், 7.2 வந்தது 2024இல். கருப்புத் திரை, அம்புக்குறி விசைகள், அவ்வளவுதான். அந்தத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பாதியில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்கும். மீட்கிற டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாது. இந்த இரண்டு குணத்துக்காகவே மரியாதை உண்டு.

எரிச்சல் அதற்குப் பிறகு. முடிந்ததும் ரிகப்_டிர்.1, ரிகப்_டிர்.2 என்று ஃபோல்டர்கள் வரிசை கட்டி நிற்கும். திறந்தால் எஃப்0845312.ஜேபிஜி, எஃப்0851968.பிடிஎஃப் என்று ஐந்நூறு ஐந்நூறாகக் கோப்புகள். கல்யாணப் போட்டோவும், ஸ்கேன் செய்த ரசீதும், பிரவுசர் என்றோ சேமித்து வைத்த பொத்தான் படமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். 'டி' என்ற எழுத்தில் தொடங்குபவை போட்டோவுக்குள் பொதிந்திருந்த சின்னப் படங்கள். அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மிச்சத்தை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

காரணம் தெரியும். கோப்பின் பெயர் கோப்புக்குள் இருப்பதில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் எம்எஃப்டி என்ற அட்டவணையில் இருக்கிறது. போட்டோரெக் அந்த அட்டவணையை நம்புவதே இல்லை. டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து, அதாவது முதல் சின்னத் துண்டிலிருந்து, படித்துக்கொண்டே போகிறது. எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று மூன்று பைட் வந்தால் ஜேபெக் படம் ஒன்று தொடங்குகிறது என்று தெரிந்துகொள்கிறது. இப்படி நானூற்றுக்கும் மேற்பட்ட கோப்பு வகைகளின் தொடக்கங்கள் அதற்குத் தெரியும். அட்டவணை அழிந்துபோன டிஸ்க்கிலும் இது வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். பெயர் வராததற்கும் இதுதான் காரணம். சரி, புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

சமீபத்தில் ஒரு ஆய்வு மாணவியின் ஹார்டு டிஸ்க் வந்தது. ஆய்வேடு முழுவதும் அதில்தான். போட்டோரெக் வேர்டு கோப்புகளை அள்ளிக் கொட்டியது. ஒரே இயலுக்கு எத்தனையோ பிரதிகள். அவர் 'இயல் 3 திருத்தியது', 'நெறியாளர் பார்த்தது', 'கடைசி' என்று பெயர் வைத்துப் பிரித்து வைத்திருந்தார். அந்தப் பெயர்களில்தான் எது எதற்குப் பின் வந்தது என்ற கணக்கே இருந்தது. கோப்புகள் திரும்பி வந்தன, அந்தக் கணக்கு வரவில்லை. வேர்டு கோப்புக்குள் கடைசியாகத் திருத்திய நேரம் பதிவாகியிருக்கும். கோப்புக்குள் பதிந்த விவரங்களைப் படிக்கிற எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்து அதைப் படித்து வரிசைப்படுத்தினோம். சில கோப்புகள் திறக்கவே இல்லை. டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்த கோப்பை ஒட்டவைப்பதில் போட்டோரெக் பலவீனம்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் பார்த்த அந்த வேலை, மீட்டதை விடப் பெரிய வேலை.

அந்த நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன், அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்தது. போட்டோரெக் வைக்கும் பெயரில் 'எஃப்' என்பதற்குப் பின்னால் வருகிற அந்த எண் சும்மா போட்ட எண் இல்லை. கோப்பு டிஸ்க்கில் எந்த செக்டாரில் தொடங்கியதோ, அந்த செக்டாரின் எண். ஒரு ஃபோல்டரை மொத்தமாக நகல் எடுத்து வைத்திருந்தால் அதிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் கிடக்கும். எண் வரிசையில் பார்த்தால் பழைய ஃபோல்டர்களின் எல்லை மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஆய்வேட்டின் ஒரு இயல் கிடைத்தால், அதன் படங்களும் அட்டவணைகளும் பக்கத்து எண்களில் இருந்தன. பெயர் போனாலும் முகவரி மிஞ்சியிருக்கிறது.

போட்டோ மட்டும் என்றால் இந்தப் புலம்பலே தேவையில்லை. கேமரா எழுதிய தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸிஃப்டூலில் ஒரே கட்டளை, எல்லாப் படங்களும் தேதிப்படி பெயர் மாறிவிடும். மெமரி கார்டுக்கு இதை மிஞ்சியது எதையும் நான் பார்த்ததில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். முதலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பென் டிரைவ் வைரஸ்களில் ஒரு வகை, கோப்புகளை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். எதுவும் அழிந்திருக்காது. விண்டோஸிலேயே இருக்கிற அட்ரிப் கட்டளையால் மறைப்பை எடுத்தால் போதும். இதற்குப் போய் போட்டோரெக்கை ஓட்டி, இருக்கிற பெயர்களையும் இழந்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் என்றால் விஷயமே வேறு. யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அந்த வகைக்குச் சாவி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எஸ்எஸ்டியில் அழிந்தது என்றால் அதிக நம்பிக்கை வேண்டாம். அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்துவிடுகிற ட்ரிம் வேலை முடித்திருந்தால் எந்த மென்பொருளுக்கும் அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. ஹார்டு டிஸ்க் கட கடவென்று சத்தம் போட்டால் எதையும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். சத்தமில்லாமல் ஆங்காங்கே படிக்க மறுக்கிறது என்றால், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூ மென்பொருளால் முழு நகல் எடுத்து அந்த நகலில் தேடுங்கள்.

உண்மையிலேயே அழிந்துதான் போயிருக்கிறது என்றால் டெஸ்ட்டிஸ்க்தான் முதல். அது அட்டவணையைத் தேடிப் பார்க்கும். அட்டவணை பிழைத்திருந்தால் பெயரும் ஃபோல்டரும் அப்படியே வரும். அது கைவிட்ட பிறகுதான் போட்டோரெக். அப்போதும் கோப்பு வகைத் தேர்வில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் குப்பையில் மூழ்கிப் போவீர்கள். மீட்பதை வேறொரு டிஸ்க்கில் எழுதச் சொல்ல மறக்காதீர்கள்.

இவ்வளவு பாராட்டிய பிறகு சிபாரிசு செய்கிறேனா? போட்டோவுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. ஆவணங்களுக்கு இன்றைய மனநிலையில் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அந்த ஆய்வேட்டை அடுக்கிய களைப்பு இன்னும் போகவில்லை. டெஸ்ட்டிஸ்க்கில் பெயர் வரவில்லை என்றால், மீட்கும் முன்பே பட்டியலைக் காட்டுகிற கட்டண மென்பொருள் ஒன்றை இலவச முன்னோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் வைத்த பெயர்கள் கண்ணில் பட்டால் தாராளமாகக் காசு கட்டலாம். அங்கேயும் வெறும் எண்கள்தான் வருகின்றன என்றால் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு போட்டோரெக்குக்கே வாருங்கள்.