டேபிள்ல படுக்க வெச்சுட்டு கையெழுத்து கேட்டா போடாதீங்க

நேத்து வேறொரு இதய மருத்துவர் அம்மாவோட ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு எடுக்கற படம்) சிடியைப் போட்டு, ஓடவிட்டு, திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். "இந்த அடைப்பு 50 சதவீதம்கூட இருக்காது. மாத்திரையே போதுமே"ன்னார். அந்த அடைப்புக்குத்தான் ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரிச்சுப் பிடிக்கற சின்ன வலைக்குழாய்) வெச்சு, 3,40,000 ரூபாய் கட்டியிருக்கோம். ஆத்திரத்துல எழுதறேன், கோர்வையா இருக்காது.

ஆஸ்பத்திரி பேர் போடல. பல கிளைகள் இருக்கற பெரிய தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மாரடைப்பெல்லாம் வரல. மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு போனோம். இசிஜி நார்மல். ட்ரோபோனின் (இதயத் தசை பாதிச்சிருக்கான்னு பார்க்கற ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். எக்கோவுல (இதய ஸ்கேன்) பம்பிங் நல்லா இருக்கு. டிரெட்மில் டெஸ்ட்ல மட்டும் "லேசா பாசிட்டிவ்". பெண்களுக்கு இந்த டெஸ்ட் தப்பா பாசிட்டிவ் காட்டறது அதிகம்னு அங்க ஒருத்தரும் சொல்லல. ஆஞ்சியோ எடுத்துடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்னாங்க.

அம்மாவை ஆஞ்சியோ எடுக்கற கேத் லேபுக்குள்ள கொண்டுபோன கொஞ்ச நேரத்துல என்னை ஒரு சின்ன ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மானிட்டர்ல அசையாம நிறுத்தி வெச்ச ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். டாக்டர் பேனா முனையால ஒரு இடத்தைத் தொட்டு, "எல்ஏடியில, அதாவது இதயத்தோட முக்கிய ரத்தக்குழாய்ல, 90 சதவீதம் அடைப்பு. எப்ப வேணா அட்டாக் வரலாம். அம்மா டேபிள்லயே இருக்காங்க, டியூப் உள்ளேயே இருக்கு, ஸ்டென்ட் வெச்சுடலாமா?"ன்னார். அக்காகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னேன். தோள்ல கை வெச்சு, "எங்க அம்மாவா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன் தம்பி"ன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 90 கண்ணளவுல சொன்ன கணக்காம். சந்தேகமான அடைப்புன்னா அதே டேபிள்லயே மெல்லிசா ஒரு பிரஷர் வயரை விட்டு எஃப்எஃப்ஆர் பார்க்கலாம், அதாவது அடைப்பு ரத்த ஓட்டத்தை எவ்வளவு தடுக்குதுன்னு அளக்கலாம். 0.80க்கு மேல இருந்தா பொதுவா ஸ்டென்ட் தேவைப்படாது. அம்மாவுக்கு அதைப் பார்க்கவே இல்ல. 2020ல வெளியான இஸ்கீமியாங்கற ஆய்வுல 5,000 பேருக்கு மேல சேர்த்தாங்க. மாரடைப்பு இல்லாம, நிலையா இருக்கற நோயாளிகளுக்கு உடனே ஸ்டென்டோ பைபாஸோ செஞ்சதால, முதல்ல மருந்து மட்டும் கொடுத்தவங்களைவிட உயிரிழப்பு குறையல. நெஞ்சு வலி குறையும், அது உண்மை. ஆனா அம்மாவுக்கு நெஞ்சு வலியே கிடையாதே!

சிடி கேட்டுப் போனா பில்லிங்ல "ரெகார்ட்ஸ்ல கேளுங்க", ரெகார்ட்ஸ்ல "சார் கையெழுத்து வேணும்", சார் எப்பவும் "கேத்ல இருக்கார்". அப்புறம் சிடி ரைட்டர் ரிப்பேராம். கடைசியா ஒரு மேனேஜர், "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, பழைய படம் எதுக்கு சார்?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். அவங்க உள்ள போகும்போதும் நல்லாத்தான் நடந்து போனாங்க! எழுத்துல புகார் கொடுத்த பிறகுதான் சிடி கைக்கு வந்துச்சு. 3,40,000 பத்திக் கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

பணம் போனாக்கூட சம்பாதிச்சுக்கலாம். வெச்ச ஸ்டென்டை எடுக்க முடியாது. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது, நிறுத்தினா ஸ்டென்டுக்குள்ளேயே உறைஞ்சிடலாம். லேசா இடிச்சுக்கிட்டாலே அம்மா முழங்கையெல்லாம் ஊதா ஊதாவாக் கன்னிப்போகுது.

என்ன செய்யணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. இதை மட்டும் கேளுங்க. ஆஞ்சியோவுக்கு முன்னாடியே "படம் மட்டும் எடுங்க, ஸ்டென்ட் பத்தி அப்புறம் பேசலாம்"னு ஒப்புதல் படிவத்துலயே எழுதிக் கொடுங்க. சிடி வாங்காம டிஸ்சார்ஜ் ஆகாதீங்க. ஸ்டென்ட் வெச்சிருந்தா அதோட விவரம் இருக்கற ஸ்டிக்கர் ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஆனா நெஞ்சை அழுத்தற வலி நிக்காம இருந்து, வேர்த்துக் கொட்டி, இசிஜியில மாரடைப்புன்னு தெரிஞ்சா இது எதையும் பார்க்காதீங்க. அப்போ ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டு இருக்கும், அடைப்பை உடனே திறந்தாகணும்.