அந்தவைலீயாஸ் கோயில்: பீடத்தோடு திரும்பிவிடாதீர்கள்

அந்தவைலீயாஸ் ஒரு சிற்றூர், பெருவின் கூஸ்கோ நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். ஊர்கோஸ் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். அங்குள்ள புனித பேதுரு ஆலயம் வெளியிலிருந்து எளிமையாகத்தான் இருக்கிறது: சுடாத செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, முகப்பில் ஒரு மாடம். வத்திக்கானில் ஓவியங்களுக்குப் பேர்போன சிற்றாலயத்தை நினைத்து, இதை ‘அமெரிக்கக் கண்டத்தின் சிஸ்டைன் சிற்றாலயம்’ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கோயிலுக்கு இன்னொரு கோயிலின் பெயர் எதற்கு?

உள்ளே போனதும் எல்லாரும் நேரே தங்கமுலாம் பூசிய பீடத்துக்குப் போகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசல் சுவரின் உட்பக்கத்தைத் திரும்பிப் பாருங்கள். 1620களில் லூயிஸ் தெ ரியாஞ்ஞோ என்ற ஓவியர் அங்கே இரண்டு பாதைகளை வரைந்திருக்கிறார். பூத்தூவிய அகலமான பாதை நரகத்துக்குப் போகிறது. முள் நிறைந்த ஒற்றையடிப் பாதை மோட்சத்துக்கு. பூசை முடிந்து வெளியே போகிறவர் கண்ணில் கடைசியாகப் படுவது இதுதான். எழுத்தறியாதவருக்கும் புரிகிற பிரசங்கம்.

அதைவிட என்னை நிறுத்திவைத்தது ஞானஸ்நான அறையின் வாசல். ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்கிற வாக்கியம் லத்தீன், ஸ்பானிஷ், இந்த மண்ணின் மொழிகளான கெச்சுவா, ஐமாரா, புக்கினா என்று ஐந்து மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. புக்கினா பேச இன்று ஆளே இல்லை. வெற்றிகொண்ட ஸ்பானியர்களின் மதம்தான், ஆனாலும் அந்த மொழியின் ஒரு வரி இந்தச் சுவரில் தங்கிவிட்டது. இங்கே பங்குச் சாமியாராக இருந்த ஹுவான் பெரெஸ் பொகானெக்ரா 1631இல் வெளியிட்ட நூலில்தான் ‘அனக் பச்சாப் குசிகுய்னின்’ என்ற கெச்சுவா மாதா பாட்டு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் அச்சேறிய முதல் பல்குரல் பாடல் (ஒரே நேரத்தில் பல குரல்கள் வெவ்வேறு மெட்டில் பாடுவது) அது. போகுமுன் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

குறை என்றால், வேன் சுற்றுலாக்காரர்கள் தரும் நேரம். அரை மணி எதற்கும் போதாது, பஸ்ஸே மேல். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வெளிச்சமும் குறைவு, கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். அப்புறம், பக்கத்து ஊர் வாரோ கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 1802இல் ததேயோ எஸ்கலாந்தே வரைந்த நரகம் இதைவிடப் பயங்கரம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலிலேயே சொல்லி வையுங்கள்.