நுவரெலியாக் குளிரில் டிஷ்வாஷர்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

டிஷ்வாஷரோடு வரும் கையேடு சுண்ணாம்புப் படிவைப் பற்றி நிறையப் பேசும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு அது சரி. அங்கே நிலத்தடியே சுண்ணக்கல். நுவரெலியாவில் எங்களுக்கு மலையிலிருந்து வருவது பீலித் தண்ணீர். சவர்க்காரம் போட்டால் எவ்வளவு அலசினாலும் வழுவழுப்புப் போகாது, அவ்வளவு மென்மை. இங்கே மெஷினைப் படுத்துவது தேங்காயெண்ணெய்யும் குளிரும்தான். சில வருடங்களாகத் தினமும் பாவிப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தேங்காயெண்ணெய் 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் சராசரி வெப்பநிலையோ 16 பாகைதான். மெஷினுக்குள் சுடுதண்ணீரில் உருகிய எண்ணெய்யில் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஃபில்டரில் தங்கும் மிச்சம் மெஷின் ஆறியதும் கட்டியாகிவிடும். அதில் சம்பலின் தேங்காய்ப்பூ, கடுகு, கறிவேப்பிலை எல்லாம் வந்து ஒட்டும். அப்புறம் வாடை கிளம்பும், பீங்கானில் பிசுக்கு நிற்கும்.

அதனால் வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவினால் போதும் என்ற கணக்கு குளிர் ஊருக்கு ஒத்துவராது. சொதியோ பால்கறியோ வைத்த நாளென்றால், மறுநாள் காலையிலேயே அதைக் கழற்றிச் சுடுதண்ணீரும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, கொழுப்பு இன்னும் இறுகும். திரும்பப் பூட்டும்போது கடைசிவரை திருகி இறுக்குங்கள். இது முக்கியம். ஃபில்டர் சரியாக உட்காரவில்லையென்றால் கடுகு உள்ளே போய், தண்ணீர் தெளிக்கும் கையின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஈர்க்குச்சியால் குத்தி எடுக்கலாம். கறி சமைத்த பாத்திரங்களுக்கு 60 அல்லது 65 பாகை புரோகிராம்தான் போடுவேன். தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு 50 பாகை ஈக்கோ போதும். மாதம் ஒருமுறை மெஷின் வெறுமையாக இருக்கும்போது, கிளீனர் ஊற்றி ஆகக்கூடிய சூட்டில் ஓடவிடுவேன்.

அடுக்கும் விதத்துக்கு வருகிறேன். சோற்றையும் எலும்பையும் வழித்துப் போட்டால் சரி, குழாயில் கழுவிவிட்டு வைக்கத் தேவையில்லை. மாச்சத்தையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகள் மெஷினுக்குப் போடும் சோப்பு டேப்லெட்டிலேயே இருக்கின்றன. பீங்கான்களின் அழுக்கு முகம் நடுப்பக்கம் பார்க்க வேண்டும். கிண்ணங்களையும் கோப்பைகளையும் கவிழ்த்து, கொஞ்சம் சரித்து வையுங்கள். இல்லாவிட்டால் அடிக்குழியில் தண்ணீர் தேங்கும். கரண்டிகள் ஒன்றின் குழிக்குள் ஒன்று படுத்தால் நடுவில் அழுக்கு அப்படியே நிற்கும், கலந்து போடுங்கள். கத்தியின் முனை கீழே. மெஷினைப் போடுமுன் சுழலும் கையை விரலால் ஒருதரம் சுற்றிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு அகப்பைக் காம்பு போதும், கை சுழலாமல் முழுக் கழுவலும் வீண்.

தேயிலை ஊரில் கோப்பையின் சாயக்கறை ஒரு தனிக் கவலை. அது டேனின் கறை, நொதிகளால் அசையாது. வெளுக்கும் பொருள் உள்ள டேப்லெட்டோ பவுடரோதான் வேண்டும். ஜெல் வகைகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. பவுடர் வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், மூடுபனி ஈரத்தில் கட்டிதட்டிவிடும்.

மென்மையான தண்ணீரில் கண்ணாடி கிளாஸ்தான் பாவம். அதிக சோப்பும் அதிக சூடும் சேர்ந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டு மங்கிவிடும், பழையபடி வராது. மங்கல் தெரிந்தால் வினாகிரி தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போனால் சுண்ணாம்பு, போகாவிட்டால் அரிப்பு. மெஷினில் உப்புப் போடுவது தண்ணீரை மென்மையாக்கத்தான். ஆகவே இங்கே உப்பு செட்டிங்கை ஆகக் குறைந்த இலக்கத்தில் வைத்து, சோப்பையும் குறையுங்கள். உப்பே போட வேண்டியதில்லை என்று சில மெஷின்களின் கையேட்டில் அந்த இலக்கத்துக்குச் சொல்லியிருக்கும். போடுவதென்றால் மெஷினுக்கான உப்புதான், சமையல் உப்பு கூடாது. ஆனால் கடைசி அலசலில் சேர்ந்து பாத்திரம் காய உதவும் ரின்ஸ் எய்ட் திரவத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அது இல்லாமல் எங்கள் ஊர் ஈரத்தில் எதுவும் காயாது. கழுவி முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் இன்னும் நல்லது.

அலுமினியச் சட்டி கறுத்துப்போகும். மண்சட்டி சோப்பைக் குடிக்கும், மர அகப்பை வெடிக்கும். இவற்றைக் கையாலேயே கழுவுங்கள், அம்மாமார் சொல்வதில் இது நூறு வீதம் சரி. மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக் டப்பாவை மெஷினை நம்பாமல் வெயிலில் வையுங்கள், வெளுக்கும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தண்ணீர்த் தாங்கியின் உயரத்தைப் பாருங்கள். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் வேண்டும்; 0.5 என்றால் தாங்கி 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். மேட்டில் தாங்கி கட்டிய வீடுகளுக்குப் பிரச்சினை இல்லை. கூரைத் தாங்கியென்றால் அளந்துவிட்டே வாங்குங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும் பீலித் தண்ணீர் கலங்கும். அந்த மாதங்களில் தண்ணீர் உள்ளே வரும் ஹோஸின் முனையில் இருக்கும் சிறிய வலையை அடிக்கடி கழற்றி மண்ணைத் தட்டுங்கள். அதற்கு முன் குழாயைப் பூட்டி, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.