ஒரே வேலைக்கு மூன்று சம்பளம்: சிங்கப்பூருக்குக் கிளம்பும் மலேசிய நண்பர்கள் கவனத்துக்கு

ஏஜென்ட் வாயால் சொன்ன மாதச் சம்பளம் 2,400 சிங்கப்பூர் வெள்ளி. சிங்கப்பூர் மனிதவள அமைச்சில் என் பெயரில் பதிவாகியிருந்த சம்பளம் 1,900. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துக்காக நீட்டிய தாளில் இருந்தது 1,500. வேலை ஒன்றுதான், கிடங்கு ஒன்றுதான், ஆளும் நான் ஒருவன்தான்.

மோசடி என்றாலே பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள், போய்ப் பார்த்தால் அங்கே நிறுவனமே இருக்காது என்றுதான் நாம் பயப்படுகிறோம். எனக்கு நடந்தது அப்படியல்ல. நிறுவனம் உண்மை, சிங்கப்பூர் அரசு தரும் வேலை பெர்மிட் உண்மை, கிடங்கும் உண்மை. பொய் முழுவதும் நிபந்தனைகளில் இருந்தது. ஆகவே வேலை உண்மையானதுதானா என்று விசாரித்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் 2,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் முதலில் எடுத்தது கால்குலேட்டரைத்தான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்று பெருக்கி, ஏழாயிரத்தைத் தாண்டிய ஒரு தொகையைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கணக்கில் வாடகை இல்லை, சாப்பாடு இல்லை. ஈப்போவில் என் சம்பளத்துக்கு மேல் முதலாளி ஊழியர் சேம நிதியில் கட்டிய 13 விழுக்காடும் இல்லை. சிங்கப்பூரின் மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. பெர்மிட்டில் போகிறவருக்கு அங்கும் சேமிப்பு சேராது, இங்கும் நின்றுவிடும். நாமே விரும்பிக் கட்டினால்தான் உண்டு.

மனைவியை ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்ளலாம், இரண்டு வருடத்தில் நிரந்தரவாசத்துக்கு மனுச் செய்யலாம் என்றும் சொன்னார். இரண்டும் பச்சைப் பொய். துணைவருக்கான பாஸ் எடுக்க திறனாளர்களுக்கான எஸ் பாஸோ, உயர்நிலை வல்லுநர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸோ வேண்டும், அதோடு மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளமும் வேண்டும். வேலை பெர்மிட்காரருக்கு அந்தக் கதவே கிடையாது. நிரந்தரவாச மனுவும் அப்படித்தான். குடும்பத்தோடு குடியேறலாம் என்ற எண்ணத்தில் யோசிப்பவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் எந்த வகைப் பாஸ் என்று கேளுங்கள்.

வேலை இடம் சிங்கப்பூரின் வடக்கில், 'உட்லண்ட்ஸ் பக்கம்' என்றார். ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டு தினமும் கடற்பாலத்தைக் கடந்து போய்வரலாம், ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் வந்துவிட்டால் இன்னும் சுலபம் என்றார். கிடங்கு இருந்தது துவாஸில், தீவின் மேற்குக் கோடியில். ரயில் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரில் ஏற்றி உட்லண்ட்ஸ் நார்த்தில் இறக்கிவிடும். அங்கிருந்து துவாஸ் போக ஒரு தனிப் பயணம் வேண்டும். ஜொகூரிலிருந்து விடியும் முன்பே பைக்கில் கிளம்பி நெரிசலில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களை நான் குறை சொல்லவில்லை. வாடகை மிச்சமாகிறது, வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டோடு அது ஒத்துவராது. கடைசியில் நிறுவனம் கொடுத்த கட்டிலில்தான் படுக்க வேண்டியிருந்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். மொத்தம் 6,000 ரிங்கிட், தவணை தவணையாக. பதிவுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, லெவி முன்பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். லெவி என்பது முதலாளி சிங்கப்பூர் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை. அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பதே அங்கே குற்றம். உரிமம் பெற்ற சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நீக்கினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். இந்த விதிகள் சிங்கப்பூர் ஏஜென்சியைத்தான் கட்டுப்படுத்தும். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பணம் வாங்குகிற ஆளைத் தொடாது. அதனால்தான் பணம் ஒரு தனிநபரின் மலேசிய வங்கிக் கணக்குக்குப் போனது. ரசீது கேட்டபோதெல்லாம் 'எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது' என்ற பதில்தான். மலேசியாவிலும் ஆள் சேர்த்து அனுப்ப 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் வேண்டும். இவரிடம் அதுவும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

அமைச்சு தரும் ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம்தான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். எனக்கு ஏஜென்ட் அனுப்பியது கைப்பேசியில் எடுத்த ஒரு படம், என் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மட்டும் தெரியும்படி வெட்டியது. 'தம்பி, பெர்மிட் பாஸாகிவிட்டது, நாளைக்குள் ராஜினாமா கொடுங்கள், தாமதித்தால் இடம் போய்விடும்' என்று கூடவே ஒரு குரல்பதிவு. முழுக் கடிதத்தைக் கேட்டேன். சேரும் அன்று தருவார்கள் என்றார். முழுக் கடிதமும் உங்கள் கையில் வந்து, அதில் உள்ள சம்பளத் தொகையைக் கண்ணால் பார்க்கும் வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். பெர்மிட் விண்ணப்பத்தின் நிலையையும், ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்பதையும் அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். 'பயணியாக வாருங்கள், வேலையைத் தொடங்குங்கள், பெர்மிட் பிறகு வரும்' என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பாஸ் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் தொழிலாளிக்கே விதிக்கப்படலாம்.

சேர்ந்த அன்று நீட்டிய தாளில், சம்பளத்தை 1,500ஆகக் குறைக்க நானே சம்மதிப்பதாக எழுதியிருந்தது. பெர்மிட் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் முதல் நாளே வாங்கிவிடப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பெர்மிட்டை ரத்துச் செய்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர் மிரட்டினார். என்னோடு வந்தவர்களில் சிலர் போட்டுவிட்டார்கள்; கடன் வாங்கி வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நான் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தாளைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சம்பளம் என்னவோ 1,500தான் வந்தது. அதில் கட்டிலுக்கு 400, 'நிர்வாகச் செலவு' என்று 200 பிடித்தார்கள். தங்குமிடத்துக்கான பிடித்தம் சம்பளத்தின் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு வர வேண்டும். அது 'சம்பளத்திலேயே அடக்கம்' என்றார்கள். மீதி 900 வெள்ளியை ரிங்கிட்டாக்கினால், சேம நிதியும் இல்லாமல், ஈப்போவில் வாங்கிய சம்பளத்துக்கே வந்து நின்றது. சாப்பாட்டுச் செலவு அதற்கு மேல்.

சம்பளத் தகராறுகளுக்குச் சமரசம் பேசும் டாடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் போனேன். எனக்காகப் பேசியது ஐபிஏ கடிதத்தில் இருந்த 1,900 என்ற எண்தான். ஏஜென்ட் வாயால் சொன்ன 2,400க்கு அங்கே மதிப்பே இல்லை. குறைத்துக் கொடுத்த சம்பளத்தையும் 'நிர்வாகச் செலவையும்' நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு அங்கே நீடிக்க மனமில்லாமல் ஊர் திரும்பிவிட்டேன். ஏஜென்ட் வாங்கிய 6,000 ரிங்கிட் இன்னும் வரவில்லை. வங்கி மாற்றச் சீட்டுகளோடு போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன். அவருடைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

இதே நிலையில் இப்போது அங்கே இருப்பவர்களுக்கு ஒரு விவரம். வேலையில் இருக்கும்போது, தகராறு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் சம்பளப் புகாரைப் பதிவு செய்யலாம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். சம்பளச் சீட்டு தர வேண்டியது முதலாளியின் கடமை. தராவிட்டால் வங்கிக் கணக்கு அறிக்கை, ஷிப்ட் அட்டவணை, குரல்பதிவு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வையுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவற்றை வாங்குவது மிகவும் சிரமம்.