கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காரை விற்க: கிளப்பா, விளம்பரமா, ஏலமா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கக் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது, "எங்கே விற்றால் அதிகப் பணம் வரும்?" என்றுதான். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் காரின் விலை எல்லோருக்கும் தெரிந்த விலையா, யாருக்குமே சரியாகத் தெரியாத விலையா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். எப்போது தேடினாலும் நாலைந்து விற்பனைக்கு இருக்கும். குரோம் பம்பர் வைத்தது கொஞ்சம் கூடுதலாகவும், பின்னால் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தது குறைவாகவும் போகும் என்பது வாங்க வருபவருக்கும் தெரியும். இப்படிப்பட்ட காரை ஏலத்தில் விட்டு அதிசயம் எதிர்பார்ப்பது வீண்.

இதற்கு நேர் எதிர்: 2020 ஜனவரியில் 'பிரிங் எ டிரெய்லர்' இணைய ஏலத்தில் 1971-ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 3,10,000 டாலருக்குப் போனது. அதிகம் ஓடாமல், கலையாமல் காப்பாற்றப்பட்ட கார். அந்த விலையை உரிமையாளர் சாதாரண விளம்பரத்தில் போட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே காரை விட்டுக்கொடுக்க மனமில்லாத இரண்டு பேர் மோதிக்கொள்ளும்போதுதான் இப்படிப்பட்ட விலை வரும். அவர்களை ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு இழுப்பதுதான் ஏலத்தின் வேலை.

விலை தெரிந்த கார் என்றால் என் முதல் ஓட்டு அந்த மாடலுக்கான உரிமையாளர் கிளப்புக்கு. அங்கே வருபவருக்கு எதையும் அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தர வேண்டாம். துரு எங்கே பிடிக்கும், எந்த உதிரிபாகம் கிடைக்காது என்பதெல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கட்டணமும் அநேகமாக இல்லை. சங்கடம் என்னவென்றால், விவரம் தெரிந்தவர் விவரமாகத்தான் பேரம் பேசுவார். கிளப்புக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குபவர் கிடையாது. உச்ச விலை வராது; நியாய விலை வரும், தலைவலி இல்லாமல் வரும்.

அடுத்தது கிளாசிக் கார்களுக்கான தளங்களிலோ பத்திரிகைகளிலோ நீங்களே விளம்பரம் கொடுப்பது. செலவு சொற்பம், வேலைதான் அதிகம். "கடைசி விலை என்ன?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள், தங்கள் காரை மாற்றிக்கொள்ளச் சொல்கிறவர்கள், சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும். மோசடிக்காரர்களும் இந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள். காரைப் பார்க்காமலே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, கூடுதல் தொகைக்குச் செக் அனுப்பி, "மீதியை வண்டி ஏற்றிச் செல்பவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்பது பழைய உத்தி. செக் போலி என்று வங்கி சொல்வதற்குள் அந்த மீதி உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். பணம் கணக்கில் உறுதியாக வந்துசேர்ந்ததை வங்கியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை சாவியையும் கொடுக்க வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் தனித் தலைவலி. இன்னொருவர் ஓட்டினால் உங்கள் இன்ஷூரன்ஸ் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். விலை ஓரளவு படிந்த பிறகு ஸ்டியரிங்கைக் கொடுத்தால் போதும். அப்புறம், அவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். அனுபவசாலி வந்ததும் பேச்சோடு பேச்சாகப் பானெட் மேல் கையை வைப்பார். அது சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ கோளாறை மறைக்கிறீர்கள் என்றே முடிவு கட்டிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

இணைய ஏலத்துக்கு வருவோம். என் கணக்கில் விலை தெரியாத காருக்கு இதுதான் சிறந்த வழி. பல தளங்களில் விற்பவருக்குச் சிறிய கட்டணம் அல்லது ஒன்றுமே இல்லை. வாங்குபவர்தான் விலையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டணமாகக் கட்டுகிறார். கார் உங்கள் வீட்டிலேயே இருக்கும். கடைசி நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் கடிகாரம் நீளும் என்பதால், கடைசி நொடியில் பாய்ந்து மலிவாகத் தட்டிக்கொண்டு போவதும் நடக்காது.

ஆனால் இது சோம்பேறிகளுக்கான இடமல்ல. நூறு படமாவது எடுக்க வேண்டும்; அதில் பாதி அழகில்லாத படங்களாக இருக்க வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம், கதவுக்குக் கீழே ஓடும் தகடு, டிக்கிக்குள் கம்பளத்தைத் தூக்கியதும் தெரியும் தரை, சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும் வீடியோ எல்லாம் வேண்டும். ஏலம் நடக்கும் நாட்களில் முகம் தெரியாத நிபுணர்கள் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். "அந்தக் கண்ணாடியில் உள்ள தேதிக் குறியீடு காரின் ஆண்டோடு பொருந்தவில்லையே" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே பதில் போக வேண்டும். மௌனம் காத்தால் ஏறிக்கொண்டிருந்த விலை அப்படியே நின்றுவிடும்.

இன்னொரு அபாயத்தைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் வைத்த குறைந்தபட்ச விலையை ஏலம் எட்டாவிட்டால், கேட்கப்பட்ட அதிகபட்சத் தொகை அங்கேயே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றுவிடும். அடுத்து வருபவர் அந்த எண்ணிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். அதனால் ஆசைக்கு ஒரு தொகை வைக்காமல், கிடைத்தால் வருத்தப்பட மாட்டேன் என்கிற தொகையை வையுங்கள். அது தாழ்வாக இருந்தால்தான் தைரியமாகப் பலர் உள்ளே வருவார்கள்.

மண்டபத்தில் நடக்கும் பெரிய ஏலங்களின் கவர்ச்சிக்குக் காரணம் இருக்கிறது. 2018-ல் ஆர்எம் சாதபீஸ் ஏலத்தில் 1962-ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது. ஆனால் அந்த மேடை அத்தகைய கார்களுக்கானது. நடுத்தர விலைக் காருக்கு விற்பவர் கமிஷன், காரை ஏற்றிச் செல்லும் செலவு எல்லாம் சேர்ந்து கடிக்கும். உங்கள் காரின் விதி மேடையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்று மழை பெய்து கூட்டம் குறைந்தால் அதுவும் உங்கள் தலையில்தான்.

கமிஷனுக்கு விற்றுத் தரும் ஷோரூம்? நேரமில்லாதவருக்கும், முன்பின் தெரியாதவர்களை வீட்டு வாசலில் ஏற்ற விரும்பாதவருக்கும் சரி. ஒப்பந்தத்தில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள்: எத்தனை நாள், கமிஷன் எவ்வளவு, ரிப்பேர் செய்தால் யார் செலவு, விற்ற எத்தனை நாளில் பணம். பணம் வரும் வரை உரிமை ஆவணம் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். "எனக்கு இவ்வளவு கொடு, மேலே வருவது உனக்கு" என்கிற ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே எவ்வளவு வந்தது என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

எந்த வழியானாலும் விலையைத் தூக்குவது காகிதக் கட்டுதான். ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவர், பழைய தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்துத் தரப்படும் ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கினால், தொழிற்சாலையிலிருந்து கிளம்பியபோது இருந்த எஞ்சின் எண்ணும் நிறமும் அதில் இருக்கும். காரில் இன்று இருக்கும் எஞ்சினின் எண் அதோடு பொருந்தினால் அந்தச் சான்றிதழையே விளம்பரத்தின் முதல் படமாகப் போடலாம். பொருந்தாவிட்டால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஏலத்தின் நான்காம் நாளில் வேறு யாரோ கண்டுபிடித்துச் சொன்னால் விழும் விலை, நீங்களே சொல்லும்போது விழாது.